தடுப்பு முகாமில் இருப்பவரும் நம் கடமையும்

குடிநுழைவுச் சட்டத்தை மீறியதற்காகத் தடுத்து வைக்கப்பட்டவரைப் போய்ப் பார்ப்பது முறையா என்று வணிக அன்பர் சிலர் வினவுகின்றனர். "சட்டத்தை மீறியவனுக்கு நாம் ஏன் பரிய வேண்டும்? நமக்கேன் வீண் வம்பு?" என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான், நிதானமாக ஆராய்வோம்.

மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டம், 6ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 வரை பிரம்படி என்று தண்டனையை அளந்தே வைத்திருக்கிறது. ஆனால், ஒருவரும் வந்து பாராத தனிமை எந்தப் பிரிவிலும் எழுதப்படாத தண்டனையாகும். அளவுக்குமேல் ஒரு குன்றிமணி கூட்டித் தர நமக்கு உரிமை ஏது? தராசு பிடித்துப் பழகிய நமக்கு இது விளங்காததன்று.

மேலும், அங்குள்ளோர் யாவரும் ஒரே வகையினரல்லர். தண்டனை முடிந்தும் பயணப் பத்திரமோ டிக்கெட்டுக்குப் பணமோ இன்றிக் காத்திருப்போர் உண்டு. திரும்பிச் செல்ல நாடே இல்லாத ரோஹிங்கியா மக்களும் உண்டு. 2022 ஏப்ரலில் கெடாவிலிருந்த தற்காலிக முகாமிலிருந்து 528 ரோஹிங்கியாக்கள் தப்பியோடினர்; நெடுஞ்சாலையைக் கடக்கையில் 6 பேர் மாண்டனர்; அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். நம்பிக்கையுள்ளவன் இருட்டில் குழந்தையுடன் சாலையில் பாய்வானா?

"பார்ப்பதால் விடுதலை கிடைத்துவிடுமா?" என்பது அடுத்த கேள்வி. நோயாளியை நலம் விசாரிப்பவர் மருத்துவரல்லர். ஆயினும் அது வீண் என்று எவரும் சொல்வதில்லை. திருமறையின் 76ஆம் அத்தியாயம் ஏழையையும் அநாதையையும் சொல்லுமிடத்திலேயே கைதியையும் சேர்த்துச் சொல்கிறது. அவன் செய்த குற்றம் இன்னதென்று அங்கே விசாரிக்கவில்லை.

முறைப்படி அனுமதி பெற்றுச் செல்வதில் சட்டத்துக்கு விரோதமும் இல்லை. ஊருக்கு ஒரு செய்தி, தூதரகத்துக்கு ஒரு கடிதம், டிக்கெட்டுக்குச் சிறு தொகை: இவை நம்மால் இயன்றவை. ஒன்று மட்டும் கூடாது. "நாளையே உம்மை வெளியே எடுத்து விடுவேன்" என்று ஆறுதலுக்காகச் சொல்லும் வாக்கு, திருப்பிக் கொடுக்க வழியில்லாத கடன். அது அவருடைய துயரத்தை இரட்டிப்பாக்கும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோரில் பலர், கரையில் கால் வைக்குமுன் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்புக் காவலில் காத்துக் கிடந்தவர்களே. அவர்களுடைய பேரர்களாகிய நாம், வேலிக்கு அப்பால் நிற்பவரை அந்நியர் என்று எப்படித் தள்ளுவது? குற்றத்தின் கணக்கைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். மனிதனுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி நம் பேரேட்டில் நிற்கிறது. அதை உரிய காலத்தில் தீர்ப்பதே நாணயமான வணிகருக்கு அழகு.