நன்றிக்கடனும் வாக்குரிமையும்

திருவொற்றியூர் சட்டமன்ற உறுப்பினர் கே.பி.பி. சாமி 2020 பிப்ரவரி 27 அன்று காலமானார். கே.வி.கே. குப்பத்து மீனவரான அவர், 2006இல் வென்று மீன்வளத் துறை அமைச்சரானார், 2011இல் தோற்றார், 2016இல் மீண்டும் வென்றார். அவர் சகோதரர் கே.பி. சங்கரை 2021 தேர்தலில் தி.மு.க. நிறுத்தியது, தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் விட்டுச்சென்ற இடத்துக்கு அவர் குடும்பத்திலிருந்தே இன்னொருவர் வருவது அறத்துக்கு ஒக்குமா?

ஒக்கும் என்பாருக்கு வலுவான நியாயம் உண்டு. மக்கள் வாக்களித்துத்தான் பதவி வந்தது. சாமியையே 2011இல் தோற்கடித்த வாக்காளர்கள் அவர்கள். கோட்டைக்குள் எளிதில் நுழைய முடியாத குப்பத்து மக்களுக்கு, உள்ளே போன ஒரு குடும்பம் பெரிய பிடிமானம். மறுப்பாரின் நியாயமும் சிறிதல்ல. காலமெல்லாம் கொடி கட்டிச் சுவரொட்டி ஒட்டிய தொண்டனுக்கு அந்தக் குடும்பப் பெயர் கிடையாது.

ஆனால் கேள்வியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. சாமி மறைந்தபின் இடைத்தேர்தல் நடக்கவில்லை. தொற்றுக்காலம் என்ற காரணத்தில் நியாயம் இருந்தது. சென்னை மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலமோ 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஆக, கொரோனா ஊரடங்கின்போது திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. சாக்கடை அடைத்தாலும் முதியோர் உதவித்தொகை நின்றாலும் யாரிடம் போவது? பதவியில் ஆள் இல்லாத ஊரில், தெரிந்தவர் வீட்டு வாசல்தான் அலுவலகமாகிறது. அங்கே கிடைத்த உதவி நன்றிக்கடனாகிறது. கடன் தேர்தலன்று வாக்காகத் தீர்க்கப்படுகிறது.

இதில் உதவியவரிடமும் குற்றமில்லை, நன்றி மறவாதவரிடமும் குற்றமில்லை. உரிமையாக வர வேண்டியதைத் தயவாகப் பெறும் நிலையில் மக்களை விட்டுவைத்ததே குற்றம். அந்த நிலையை மாற்றும் அதிகாரம் கையில் இருந்தும் மாற்றாத ஒவ்வொரு கட்சிக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே ஓர் அரசியல்வாதியின் வாழ்வை, அவருக்குப் பின் யார் வந்தார் என்று பார்த்து எடைபோடுவது போதாது. அவர் போன மறுநாள், யாரையும் தெரியாத ஒரு வாடகைக் குடித்தனக்காரி, சிபாரிசு இல்லாமல் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால் வேலை நடக்கிறதா? நடந்தால் அவர் கடமையை முடித்தவர். வாரிசு உறவினரா, தொண்டரா என்பதை மக்கள் அப்போது கடன்படாத மனத்தோடு தீர்மானிப்பார்கள்.