குடுவை கருத்துவிட்டதா? நல்லது!

தம்பி, தங்கச்சி, உன்னைத்தான் சொல்கிறேன். தலையை நிமிர்த்து!

மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாய். இன்று லேபில் போர்பிரின் தயாரிப்பு. பைரோலையும் பென்சால்டிஹைடையும் புரோபியோனிக் அமிலத்தில் ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டாய். ஊசிப்போன நெடி மூக்கைத் துளைக்கிறது. குடுவைக்குள் தார் போலக் கருப்பு. "போச்சு, கெட்டுப்போச்சு" என்று கையை உதறுகிறாயே, கெட்டதென்று யார் சொன்னது? ஆறவிடு! வடிகட்டு! மெத்தனாலில் கழுவு! வடிதாளில் மினுங்குகின்றன பார், ஊதாப் படிகங்கள்!

ஆட்லர், லாங்கோ குழுவினர் 1967-இல் வெளியிட்ட முறை இது. கைக்கு வருவது ஏறத்தாழ 20 சதவீதம், மிச்சமெல்லாம் கழிவு. அந்த இருபதை நம்பித்தான் உலகெங்கும் ஆய்வகங்கள் நடந்தன. நீயோ நூறு வரவில்லையென்று அழுகிறாய்!

ரத்தத்தின் சிவப்பும் ஒரு போர்பிரின்தான். அந்தச் சிவப்புக்குள் நான்கு பைரோல்கள் இணைந்து ஒரே பெருவளையமாக நிற்கின்றன என்று 1912-இல் சொன்னார் ஜெர்மனியின் வில்லியம் கூஸ்டர். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்று பெரிய தலைகள் ஒதுக்கின. நம்பாதவர்களில் ஹான்ஸ் ஃபிஷரும் ஒருவர். அதே ஃபிஷர்தான் 1929-இல் அந்தச் சிவப்பிலிருந்து கிடைக்கும் ஹீமினைத் தன் கையாலேயே தொகுத்து, வளையம் மெய்யென்று நிறுவினார். மறு ஆண்டு நோபல் பரிசும் வாங்கினார். கூஸ்டர் 1929-லேயே கண்ணை மூடிவிட்டார். அநியாயம்தான். ஆனாலும் அது அவர் சொன்ன வளையம்!

அந்த வளையப் பாதையில் 18 பை எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. 420 நானோமீட்டரை ஒட்டி ஒளியை அது அவ்வளவு வலுவாக விழுங்குவது அதனால்தான். நடுவில் துத்தநாகத்தை ஏற்றிப் பார், நிறமாலையின் நான்கு சிறு பட்டைகள் இரண்டாகச் சுருங்கும். துத்தநாகப் போர்பிரின் சாயம் ஏற்றிய சூரியக்கலன் 2011-இல் 12 சதவீதத் திறனைத் தாண்டியது. சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே திரியும் ஊர் நம்முடையது. அந்த வெயிலைத் தின்னும் மூலக்கூறு உன் குடுவையில் கிடக்கிறது!

"எங்க காலேஜில் கருவி இல்லை சார்." இந்தப் பல்லவியைத்தான் என்னால் பொறுக்க முடியாது. வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனிடம் என்ன இருந்தது? 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும், சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். அது எப்படித் திரும்புகிறது என்று அளந்தார். நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற வளைய மூலக்கூறுகளின் காந்தத்தன்மை திசைக்குத் திசை வேறுபடுவதை அந்த இழை காட்டிக்கொடுத்தது. வளையத்தில் எலக்ட்ரான்கள் சுற்றுவதன் தடயம் அது. போர்பிரினின் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன்கள் என்.எம்.ஆர். வரைபடத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்பதும் அதே சுற்றோட்டத்தால்தான். 1940-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. இழைதானே என்று அவர் நினைத்திருந்தால்?

உன் துறையில் ஒரு யு.வி. கருவியாவது இருக்கும். போதும், தொடங்கு! பைரோல் புட்டி பழுப்பேறிக் கிடக்கும். அப்படியே ஊற்றிவிடாதே, முதலில் வாலைவடித்துக்கொள். கண்ணாடியை மாட்டு. ஃப்யூம் ஹூட் விசிறியைப் போடு. ம், ஆகட்டும்!