ஓட்டின் சாட்சி

கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் மூன்றாவது நிறுத்தம் திருவொற்றியூர். அங்கே தியாகராஜர் கோயிலில் மூலவரான ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுக்க அவர்மேல் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மற்ற நாள்களில் வருகிறவர்கள் கவசத்தைப் பார்த்து உள்ளே இருப்பவரைக் கும்பிடுகிறார்கள். கண்டதை வைத்துக் காணாததைப் பற்றிப் பேச மனிதனுக்கு எவ்வளவு உரிமை உண்டு?

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இறைவனைப் பற்றி வாதாடத் தொடங்குமுன் அளவைகளை எடுத்துக்கொள்கிறார்: காண்டல், கருதல், உரை. எதைக் கொண்டு அறிகிறோம் என்பது தெளிவாகாமல் எதை அறிந்தோம் என்று பேசக்கூடாது என்ற கண்டிப்பு அது. ஐயமும் திரிபும் கலந்த காட்சி அவருக்கு அறிவாகாது.

அதே கண்டிப்பைக் கேட்கும் ஒரு வழக்கு வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கிறது.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், இந்தக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது? அளந்து வைத்தவர் யாருமில்லை. ஆனால் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் அன்றும் மிதந்தன. சில வாரங்களே வாழ்ந்து, மணல் துகள் அளவில் சுண்ண ஓடு கட்டி, செத்ததும் அடிச்சேற்றில் படிந்தன. ஓடு கட்டும்போது கால்சியம் இருக்கவேண்டிய இடத்தில் துளி மெக்னீசியமும் புகுந்துவிடுகிறது. நீர் சூடேற ஏற அது கூடுதலாகப் புகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 9 விழுக்காடு. சாகர் கன்யா ஆய்வுக் கப்பல் விரிகுடாவின் மேற்குப் பகுதியில் எடுத்த சேற்றுத் தூண் ஒன்றைக் கொண்டு, திவாகர் நாயுடுவும் அவருடைய சக ஆய்வாளரும் 32,000 ஆண்டுப் பருவமழைக் கதையை 2011-ல் எழுதியது இந்த வழியில்தான். விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் கிடைத்த இத்தகைய பதிவுகள், பனியூழி உச்சத்தில் மேல்நீர் இன்றைவிடச் சுமார் 3 டிகிரி குளிர்ந்திருந்தது என்கின்றன.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பொறுமையான கைவேலை. சலித்த சேற்றைக் கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நுனி ஈரமான மெல்லிய தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்பார்கள். ஒரே இனம், ஒரே அளவு. மெல்ல நொறுக்கி, தண்ணீரிலும் மெத்தனாலிலும் திரும்பத் திரும்ப அலசுவார்கள். கோதாவரியும் கிருஷ்ணாவும் கொண்டுவந்த களிமண்ணிலும் மெக்னீசியம் உண்டு. ஓட்டின் அறைகளில் அது கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கடல் பொய்யாகச் சூடேறிவிடும். பிறகு பத்து இருபது ஓடுகளைச் சேர்த்துக் கரைத்து ஓர் எண்ணைப் பெறுவார்கள்.

ஓடுகளைச் சேர்த்துக் கரைக்காமல் ஒவ்வொன்றையும் தனியாக விசாரித்தால்தான் சிக்கல் தெரிகிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எகின்ஸ் குழுவினர் லேசரால் ஓட்டுச் சுவரைத் துளைத்துப் பார்த்து 2004-ல் எழுதினார்கள்: ஆர்புலினா யுனிவர்சா என்ற இனத்தின் ஒரே ஓட்டில் மெக்னீசியம் மிகுந்த பட்டையும் குறைந்த பட்டையும் மாறி மாறி வருகின்றன. கலிஃபோர்னியாவின் ஹோவர்ட் ஸ்பீரோவும் கூட்டாளிகளும் அதே உயிரை ஆய்வகத்தில் வளர்த்து, மிகுந்த பட்டை இரவில் உருவாவது என்று 2015-ல் காட்டினார்கள். வெப்பநிலையை மாற்றாமல் வைத்திருந்தும் பட்டைகள் வந்தன. உடம்போடு ஒட்டி வாழும் பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்வதும் இரவில் ஓய்வதும் ஓட்டில் பதிகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை வெப்பமென்று படித்தால் பல டிகிரி பிழை வரும். இதுபோக உப்புத்தன்மை, நீரின் அமிலத்தன்மை, ஆழத்தில் ஓடு கரைவது என்று குறுக்கே நிற்பவை இன்னும் உண்டு.

நியாய மரபின் தர்க்க அறிஞர்களான நையாயிகர்கள் இப்படிக் குறுக்கே நிற்பதற்கு உபாதி என்று பெயர் வைத்திருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்று சொல்லலாம். நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்ல முடியாது; அதற்கு ஈர விறகும் வேண்டும். சொல்லாமல் விட்ட ஈர விறகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே அனுமானத்தின் நேர்மை.

அப்படியானால் ஓட்டின் சாட்சியே செல்லாதா? செல்லும். பல்லவி ஆனந்தும் எல்டர்ஃபீல்டும் கான்டும் 2003-ல் வெப்பச் சமன்பாட்டை வகுத்தபோது, சர்காசோ கடலில் உதிர்ந்து பொறியில் விழுந்த முழு ஓடுகளைத்தான் அளந்தார்கள். இரவும் பகலும் வாழ்ந்த ஓடுகள் அவை. அந்த வாழ்வு முழுதும் கணக்குக்குள் வந்துவிட்டது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று சித்தாந்தம் சொல்வது இங்கே துணைக்கு வருகிறது. சார்ந்ததன் நிறம் ஏறிவிட்டதால் உயிருக்கு அறிவே இல்லை என்று அது சொல்லவில்லை. எதைச் சார்ந்து அறிகிறது என்று கேட்கிறது. மாறுபாட்டைக் காட்டிப் பழங்கால வெப்பக் கணக்கு முழுவதையும் தள்ளுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. சராசரியை மட்டும் நீட்டி மாறுபாட்டை அடிக்குறிப்பில் ஒதுக்குபவர்களும் கேட்பதில்லை.

ஒதுக்குவதில் பெரிய நட்டம் உண்டு. சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ஓடுகளில் ஒன்று கத்திரி வெயில் நாளில் வாழ்ந்திருக்கும், மற்றது மார்கழியில். கூட்டாவஸ் குழுவினர் 2006-ல் கிழக்குப் பசிபிக்கின் ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்து, பனியூழிக்குப் பிந்தைய ஹோலோசீன் காலத்தின் நடுப்பகுதியில் எல் நினோ தணிந்திருந்தது என்றார்கள். கான்சன் குழுவினர் 2011-ல் அரபிக்கடலின் 20,000 ஆண்டு வெப்ப வீச்சைத் தனி ஓடுகளிலிருந்து எடுத்தார்கள். இரண்டிலும் அளந்தது ஆக்சிஜன் ஓரிடத்தான்கள். மெக்னீசியத்துக்கும் இதே வாதம் பொருந்தும். ஓடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதே அங்கே செய்தி.

கடற்கரை மக்களுக்கு இது ஏட்டு விவகாரம் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வட சென்னைத் தெருக்களில் நின்றபோது, மக்களை வாட்டியது சராசரி மழை அல்ல, வீச்சின் விளிம்பு. விரிகுடா வெப்பத்தின் பழைய விளிம்புகள் எவ்வளவு தூரம் போயின என்று கேட்க, சேற்றுத் தூணின் ஒவ்வொரு மட்டத்திலும் பல பத்து ஓடுகளைத் தனித்தனியே அளக்கவேண்டும். அதற்குமுன் ஒரே ஓட்டில் பல இடங்களில் லேசர் அடித்து, அதன் இரவு பகல் எவ்வளவு மாறுபாடு தந்தது என்று பார்த்து, அதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் கடலின் கணக்கில் எழுதவேண்டும்.