மண்ணின் புளிப்பு

சென்ற தை மாதம் என் வீட்டில் நான்கு நண்பர்கள் ஒயின் குடித்தார்கள். கடைச்சரக்கு இல்லை. ஆடியில் பீங்கான் ஜாடியில் நானே போட்டு, வடித்து, பாட்டிலில் அடைத்து, இருட்டறையில் வைத்திருந்தது. நால்வரில் ஒருவர் கவிஞர். இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவர். ஒரு வாய் குடித்து, நாக்கில் சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தப் புளிப்பு இருக்கே, இது கம்பம் மண்ணோட புளிப்பு. வேற எங்கயும் இது வராது." மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் சும்மா இருந்தேன். அந்தப் புளிப்பு, மதுரையில் ஒரு ரசாயனக் கடையில் பொட்டலமாக வாங்கிய டார்டாரிக் அமிலம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டிருந்தேன்.

ஏன் சும்மா இருந்தேன் என்று யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். (1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவதே குற்றம். அரசாங்கம் 2003இலிருந்து தானே கடை திறந்து சில்லறையில் விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஜாடிதான் அதன் கண்ணை உறுத்துகிறது. இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் எனக்கு அதிகச் சங்கடமில்லை. மற்றதில்தான்.)

வங்கி வேலை என்னைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் திராட்சை எனக்கு ஒரு புத்தக விஷயம். தெற்கு தேசத்து ஒயினுக்குக் கீட்ஸ் ஏங்கியதை பி.ஏ. வகுப்பில் படித்திருக்கிறேன். அவனுடைய தெற்கு பிரான்ஸோடு முடிந்துவிடுகிறது. இங்கே சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகப் படரவிட்டிருக்கிறார்கள். பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்து, கம்பம் மண்ணுக்கே உரியது என்று சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டது. இதன் தாவர இயல் பெயர்வழி மஸ்கட் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணக்காரத் தோட்டங்களில், குளிர் தாக்காமல் கண்ணாடிக் கூடங்களுக்குள் வைத்துக் கொண்டாடிய ரகம். வெயிலைக் கண்ணாடியில் சேமித்து ஊட்டி வளர்த்த கொடி, இங்கே வெயிலில் வந்து நிற்கிறது. ஒயினுக்கென்றே பிறந்த ரகமும் இல்லை. சாப்பிடுகிற பழம். ஆனால் கிரீஸிலும் சீனாவிலும் இதில் ஒயின் செய்கிறார்கள். எனக்குக் கிடைத்ததும் இதுதான்.

கடன் விண்ணப்பத்தில் பயிர்ப் பருவம் என்று ஒரு கட்டம் உண்டு. முதல் மாதம் ஒரு பெரியவரிடம், "அய்யா, திராட்சைக்குப் பருவம் என்னன்னு போட?" என்று கேட்டேன். "நான் எப்பக் கவாத்து பண்றேனோ அதான் சார் பருவம்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. குளிர்தேசத்தில் இலையுதிர்ந்து, கொடி மாதக்கணக்கில் கட்டையாக உறங்கி, வசந்தத்தில் விழிக்கிறது. இங்கே குளிர்காலம் கிடையாது. கொடிக்குத் தூங்கத் தெரியாது. வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்றேன். "ஓடிக்கிட்டே இருக்கும். எலையாத்தான் ஓடும். காய்க்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா?" கத்தி பட்டதும் கண்கள் விழித்துத் துளிர்க்கின்றன. அதிலிருந்து ஏறத்தாழ நூற்றிருபது நாளில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடைகூட எடுத்துவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று பூவில் இருக்கும், ஒன்று பழத்தில், ஒன்று மொட்டையாக. மனிதன் கையிலிருந்து குளிர்காலத்தைப் பெற்றுக்கொள்கிற ஒரு தாவரத்தைப் பார்த்துவிட்ட பிறகு, இயற்கை என்ற சொல்லைக் கட்டுரைகளில் முன்போல இஷ்டத்துக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

முதல் வருஷம் நான் சுத்தவாதியாக இருந்தேன். சர்க்கரை வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம், கோதுமையும் கிராம்பும் வேண்டாம், பழம் மட்டும். சித்திரையில் போட்டேன். மடத்தனம். நொதித்தல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வெளிச்சூடும் சேர்ந்து முப்பத்தைந்து டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் தளர்ந்து பாதி வழியில் நின்றுவிடும். நின்றது. மிச்ச இனிப்பை வேறு கிருமிகள் எடுத்துக்கொண்டன. ஊறுகாய்க்குக்கூட ஆகாத ஒன்றைச் சாக்கடையில் கொட்டினேன். வாடை ஒரு வாரம் போகவில்லை.

அடுத்த முறை ஜாடியைச் சுற்றி ஈரச்சாக்கு, எதிரே மேஜை விசிறி. பழத்தையும் நன்றாகப் பழுக்கவிட்டு வாங்கினேன். ஒயின் முழுதாக முடிந்தது, ஆனால் தட்டை. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள்: மாலிக், டார்டாரிக். மாலிக்கைப் பழம் தன் சுவாசத்திலேயே எரித்துத் தீர்க்கிறது. வெப்பம் ஏற ஏற எரிப்பு வேகம் கூடும். குளிர்ந்த தேசத்தில் பழத்துக்குப் புளிப்பு தங்குகிறது, இனிப்புதான் போதாது. இங்கே இனிப்புக்குக் காத்திருந்தால் புளிப்பு போய்விடும். சீக்கிரம் பறித்தால் இரண்டும் அரைகுறை. புளிப்பு வெறும் ருசிக்கான சமாச்சாரமும் இல்லை. அது குறைந்த ஒயினில் கெடுக்கிற கிருமிகள் சுலபமாகக் குடியேறும். அமிலப் பொட்டலம் இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. இதில் பாதி வக்கீல் பேச்சு என்பது எனக்கே தெரிகிறது.

சாப்தால் என்ற பிரெஞ்சு ரசாயனி, நெப்போலியனிடம் மந்திரியாக இருந்தவர், பழச்சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறையை 1801இல் எழுதிப் பரப்பினார். அந்தக் காரியத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1907இல் தென்பிரான்ஸில் ஒயின் விலை அதலபாதாளத்தில் விழுந்தபோது, சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின்தான் தங்களை அழிக்கிறது என்று திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போனில் பட்டாளம் சுட்டது, செத்தார்கள். அந்த வருஷமே சர்க்கரைக்கு வரி போட்டு ஒரு சட்டமும் வந்தது. ஐரோப்பாவின் இன்றைய விதிகளைப் பார்த்தால், குளிர்ந்த வடக்குப் பிரதேசங்களில் ஓர் அளவுக்குள் சர்க்கரை சேர்க்கலாம். வெயில் தெற்கில் அமிலம் சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவில் அமிலத்துக்குத் தடையில்லை, சர்க்கரை கூடாது. ஓர் ஊரில் கலப்படம், இன்னோர் ஊரில் தொழில்நுட்பம். தர்மம் அட்சரேகையைப் பார்த்து ஆடை மாற்றிக்கொள்கிறது.

எனவே எல்லாம் சார்பானது, எது செய்தாலும் சரி என்று முடித்துவிடலாம். நம் சூழலில் இப்போது இது சுலபமான முடிவு, ஆள்பவர்களும் ஆதரிப்பார்கள். நார்போனில் செத்தவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். திருத்துவது குற்றமென்று எனக்குப் படவில்லை. வெட்டாமல் பழமே இல்லாத ஊரில் கத்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியவர் தன் கவாத்தை யாரிடமும் மறைக்கவில்லையே. பருவம் என்ன என்று கேட்டதும் நான்தான் என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

மரியாதைக்காக, விருந்தினரின் உற்சாகத்தைக் கெடுக்கவேண்டாமென்று இருந்துவிட்டேன் என்று சில நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். பத்து வருஷமாக விமர்சனம் என்ற பெயரில் நான் எழுதியவற்றில் மண் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் கவிஞரின் முதல் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையிலும் இருக்கிறது: மண்ணிலிருந்து நேரே வந்த குரல், இரவல் இல்லை, ஒட்டு இல்லை. எந்த ருசியைக் கொண்டு அப்படித் தீர்ப்புச் சொன்னேன்? அன்று அவர் ஒயினைக் குடித்துச் சொன்னதும் அதே வாக்கியம்தான். என் வாக்கியத்தை என் வீட்டில் எனக்கே திருப்பிக் கொடுத்தார். அமிலம் என்று நான் சொல்லியிருந்தால் ஒயின் மட்டும் போயிருக்காது. அந்த மதிப்புரையும் கூடவே போயிருக்கும். நான் காப்பாற்றியது என் தொழிலை.

மூன்று வாரம் கழித்து அவருக்குப் போன் செய்து சொன்னேன். கோபப்படுவார் அல்லது சிரிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நான் சொன்னது பொய்யாய்யா?" என்றார்.

சட்டென்று ஆமாம் என்று சொல்லமுடியவில்லை. டார்டாரிக் திராட்சையின் சொந்த அமிலம். வெகுகாலமாக அதை ஒயின் பீப்பாய்களில் படிகிற உப்பிலிருந்தும் கசடிலிருந்தும்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேறு வழியாகவும் இப்போது செய்கிறார்கள். என் பொட்டலம் எந்த வழியில் வந்தது என்று பொட்டலத்தில் இல்லை. சுத்தம் இத்தனை சதவீதம் என்று மட்டும் போட்டிருந்தது. ஏதோ தேசத்துத் தோட்டத்தின் கசடாக இருந்திருந்தால் அதுவும் ஒரு மண்ணுடைய புளிப்புதானே என்றேன். "வியாக்கியானம் பண்ணாதே" என்றார்.

பெரியவர் தைக் கடைசியில் பறித்த பழத்தில் இரண்டு ஜாடி போட்டேன். ஒன்றில் அமிலம் உண்டு, மற்றதில் இல்லை. ஆவணியில் கவிஞர் வருகிறார். எது எது என்று சொல்லாமல் ஊற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் சேர்த்து வேறு யாராவதுதான் ஊற்றவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.