மறைக்க வேண்டியது நோயையா, நோயாளியின் மானத்தையா?

எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லாமல் வைப்பது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தினமும் எழும் கேள்வி. கொள்முதல் விலையை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்பதும் ஆகாது. சரக்கு விஷயத்தில் இவ்வளவு தெளிவாயிருக்கும் நாம், கடைச் சிப்பந்தி ஒருவருக்குத் தொற்றுநோய் என்ற சந்தேகம் வந்தால் தடுமாறிப் போகிறோம்.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் காலத்தில் சயரோகம் என்று சொல்லிப் பயந்த நோய்தான். அது ஒழிந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. மலேசியாவில் இன்றும் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் காசநோய் காண்கிறது. கடையில் ஒருவர் இரண்டு வாரத்திற்கு மேல் இருமுகிறார், மாலையில் காய்ச்சல் அடிக்கிறது, உடம்பு இளைக்கிறது என்றால் நம்மில் சிலர் கண்டும் காணாதவர்போல் கல்லாவில் அமர்ந்திருக்கிறோம். சிலர் கணக்கைத் தீர்த்து விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இன்னும் சிலர் அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்து, கடைத்தெரு முழுவதும் அறியும்படி செய்துவிடுகிறோம்.

இம்மூன்றும் நோயைத் தடுப்பதில்லை. காசநோய் காற்றின் வழியே பரவுவது. தட்டிலோ தம்ளரிலோ கைகொடுப்பதிலோ ஒட்டுவதில்லை. தனித் தம்ளர் அம்மனிதரை அவமானப்படுத்துமேயன்றி, அவரோடு ஜன்னல் சாத்திய மாடியறையில் உறங்குகிறவர்களைக் காப்பாற்றாது. சிகிச்சையின்றி ஊருக்கு அனுப்பப்படுகிறவரோ நோயைத் தம் மனைவி மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும்.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் கேட்டார்கள். மழை வந்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றம். நோயும் மழையைப் போன்றதே.

அப்படியானால் யாரிடம் சொல்வது? முதலில் மருத்துவரிடம். இருமலெல்லாம் காசநோயாகாது, சளியும் எக்ஸ்ரேயும் பார்த்த பிறகே முடிவு. காசநோய்தான் என்று தெரிந்தால் சுகாதார அலுவலகத்திடம். 1988-ஆம் வருடத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் மருத்துவருக்கு மட்டுமன்றி, இடத்துக்குப் பொறுப்பானவருக்கும் அக்கடமையை விதித்திருக்கிறது. பின்னர், உடன் தங்கியவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவ்வட்டத்துக்கு வெளியே அவர் பெயர் நம்மிடம் ஓர் அமானத். வாடிக்கையாளரிடமும் பக்கத்துக் கடையிலும் அதைப் பேச நமக்கு உரிமையில்லை.

சிப்பந்தியே மறைத்தால் நாம் என்ன செய்வது என்று கேட்கலாம். அவர் ஏன் மறைக்கிறார் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் நிற்கும், பெர்மிட் போகும், ஊர்க்கடன் அடையாது என்ற பயம் அவருக்கு. உண்மை சொன்னவருக்கு நஷ்டமும், மறைத்தவருக்குச் சம்பளமும் கிடைக்கும் கடையில் யார் உண்மை சொல்வார்? பெர்மிட் அரசாங்கத்தின் கையில். சம்பளம் நம் கையில். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் வருட வேலைச் சட்டப்படி, மருத்துவச் சான்றிதழின் பேரில் ஆண்டுக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். இது நாம் போடும் தர்மமன்று, அவருடைய ஹக்கு.

நாலு பேர் கடையில் ஒருவர் படுத்துவிட்டால் சிரமந்தான். வாடகை காத்திருக்காது. ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பெரும்பாலோரிடம் சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை நின்றுவிடும். மருத்துவர் அனுமதித்தால் வேலைக்குத் திரும்பலாம். சிகிச்சை பொதுவாக 6 மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆகவே மாத்திரை நாளை நினைவூட்டுவதும், கிளினிக் போக நேரம் கொடுப்பதும் முதலாளியின் வேலையே.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு அந்நோய் நாம் கொடுத்த மாடியறையிலேயே வந்திருக்கலாம். சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் வெளியான அரசாங்கக் கணக்குப்படி, தொழிலாளர் விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேரைக் கோவிட் தொற்றியிருந்தது. ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் நோய்க்கு வேறு வழி தேட வேண்டியதில்லை.

ஆகவே, சகோதரர்களே, நோய் வருமுன்பே மாடியறையின் ஜன்னலைத் திறந்து, ஆட்களின் நெருக்கத்தைக் குறைப்போம். "தம்பி, உடம்புக்கு முடியவில்லையென்றால் முதலில் என்னிடம் சொல், அதனால் உன் சம்பளத்தில் கை வைக்கமாட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் இன்றே சொல்லிவைப்போம். சொன்ன பிறகு அதன்படியே நடப்போம். நம் சொல்லை அவர்கள் நம்பினால்தான் இருமல் நம் காதுக்குக் காலத்தோடு வந்து சேரும்.