வாய்ப்பும் வாய்மையும்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், அறங்கேட்க வந்த மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவையியலைக் கற்பிக்கின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களையும் அவற்றிற்குரிய போலிகளையும் விரித்துரைத்த பின்னரே, அடுத்த காதையிற் பௌத்த அறத்தின் உட்பொருளை விளக்கப் புகுகின்றார். அறத்திற்கு முன் அளவை எதற்கு என்னும் வினா நம் சிந்தனைக்குரியது. அளவையியல் பரீட்சைக்குரிய பாடம் மட்டுமன்று. பிறரை நியாயமாக நடத்துவதற்குரிய ஒழுக்கமுமாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒரு வாதத்தை நல்லதென நாம் கூறுமிடத்து இரு வேறு வினாக்களை ஒன்றாக்கி விடுகின்றோம். எடுகூற்றுக்கள் உண்மையெனக் கொண்டால் முடிவு அவற்றிலிருந்து தவறாது பெறப்படுமா என்பது ஒன்று. அவ்வெடுகூற்றுக்கள் உண்மையானவையா என்பது மற்றொன்று. "மீன்கள் யாவும் செவுளுடையன, திமிங்கிலங்கள் யாவும் மீன்கள், ஆகவே திமிங்கிலங்கள் யாவும் செவுளுடையன." முடிவு பொய், எனினும் வாதம் வாய்ப்பானது. "திமிங்கிலங்கள் யாவும் பாலூட்டிகள், பாலூட்டிகள் சில கடலில் வாழ்வன, ஆகவே திமிங்கிலங்கள் யாவும் கடலில் வாழ்வன." கூற்றுக்கள் அனைத்தும் உண்மை; எனினும் வாதம் வாய்ப்பற்றது. திமிங்கிலத்தை நீக்கி வௌவாலை அவ்விடத்தில் வைத்தால் குறை வெளிப்படும். வாய்ப்பும் எடுகூற்றுக்களின் உண்மையும் ஒருங்கே அமைந்த வாதமே உறுதியான வாதமாகும்.

தொகுத்தறி வாதங்களில் இத்தகைய நிச்சயம் இல்லை. யுரேனசின் இயக்கத்திற் காணப்பட்ட பிறழ்வுகளைக் கொண்டு, காணப்படாத கோளொன்று உண்டென லெவெரியே கணித்தார். 1846இல் நெப்டியூன் கண்டறியப்பட்டது. புதனின் பிறழ்வுக்கும் அவ்வாறே ஒரு கோள் காரணமாகலாமென 1859இல் அவர் வாதித்தார். வல்கன் எனப் பெயரிடப்பட்ட அக்கோள் கிடைக்கவேயில்லை. 1915இல் ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையே அப்பிறழ்வை விளக்கியது. அன்றைய சான்றுகளின்படி இரண்டாம் வாதமும் வலுவானதே. வலுவான வாதம் ஏற்கத்தக்கது. ஆயின் புதிய சான்று தோன்றுமிடத்துக் கைவிடத்தக்கதுமாகும்.

இவ்வேறுபாடுகளை அறிந்தோரும் நடைமுறையில் வழுவுகின்றனர். எவன்ஸ், பார்ஸ்ரன், பொலார்ட் ஆகிய உளவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு நம்பத்தக்கதாயிருந்தபோது வாய்ப்பற்ற வாதங்கள் நூற்றுக்கு 71 வீதம் ஏற்கப்பட்டன; முடிவு நம்பத்தகாததாயிருந்தபோது வாய்ப்பான வாதங்களும் 56 வீதமே ஏற்கப்பட்டன. மனிதர் முடிவை விரும்பியே வாதத்தை மதிப்பிடுகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

இதே 1983ஆம் ஆண்டு யூலையில், திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அக்கொலையோடு எவ்விதத் தொடர்புமற்ற தமிழர் கொழும்பிலும் பிறவிடங்களிலும் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். அவ்வன்செயலுக்குக் காரணங்கள் பல. எனினும் அதற்கு நியாயம் கற்பிக்க முனைந்த வாதத்தின் வடிவம் இதுவே: "கொன்றோர் தமிழர், இவர் தமிழர், ஆகவே இவரும் குற்றவாளி." மத்திய பதம் வியாப்தியடையாப் போலி என முதலாண்டு மாணவனும் இதனை இனங்காண்பான்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். "காட்டிக்கொடுத்தோர் முஸ்லிம்கள், இவர் முஸ்லிம், ஆகவே இவரும் அத்தகையர்." எடுகூற்று உண்மையா என ஆராயப் புகுமுன்னரே இவ்வாதம் வீழ்ந்துவிடுகின்றது. பதங்கள் மாறின, வடிவம் மாறவில்லை. முன்னையதிற் போலியை உடனே கண்ட நம்முள் எத்தனைபேர் பின்னையதிலும் அவ்வாறே உடனே கண்டோம்? நம் அளவையியல் அறிவுக்கு உண்மையான பரீட்சை அவ்விடத்திலேயே நிகழ்ந்தது.

துன்புறும் மக்களிடம் வாதத்தின் வடிவத்தைப் பேசுதல் இரக்கமின்மையன்றோ எனச் சிலர் வினவலாம். துன்பத்தை அளப்பது அளவையியலின் பணியன்று. துன்பத்தின் பெயரால் மற்றொருவர்மீது சுமத்தப்படும் குற்றத்தைச் சோதிப்பதே அதன் பணி. அன்றியும், வாதம் போலியென்பதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆகவே நண்பனின் தவறான வாதத்தை மறுப்பவன் நண்பனின் நியாயமான கோரிக்கையை மறுத்தவனாகான். அதற்குத் தக்க சான்றைத் தேடுமாறு அவன் வேண்டுகின்றான், அவ்வளவே.

வாத வடிவங்கள் எவருக்கும் தனியுடைமையல்ல. இன்று நாம் கைதட்டி ஏற்கும் வடிவம் நாளை நம்மீதே திரும்பும். எனவே உவப்பான முடிவொன்றைக் கேட்குந்தோறும், அதன் பதங்களை நீக்கி நம் பெயரையே அவ்விடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் அதனை ஏற்போமாயின் ஏற்போமாக. இல்லையேல் முன்னரும் ஏற்றிருத்தல் தகாது.