முசாபிரும் முகீமும்

பயணத்தில் இருக்கும் முஸ்லிம் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ளுஹர், அஸர், இஷா மூன்றுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் இல்லை. குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 101ஆம் வசனம் இதைப் பகைவர் அச்சத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அச்சம் தீர்ந்த பிறகும் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் (ரலி) கேட்டதற்கு, அது இறைவன் அளித்த கொடை, ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் நபி (ஸல்) பதில் அளித்ததாக ஹதீஸ் உண்டு. சலுகை எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதிலும் சட்ட அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். அரபு நாட்டுக்கு ஓதப் போகும் மாணவருக்கு இறங்கிய அன்றே இந்தக் கேள்வி எழுந்துவிடும்: இனி அவர் பயணியான முசாபிரா, ஊரில் தங்கியிருக்கும் முகீமா?

காயல்பட்டினத்திலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ கெய்ரோவின் அல்அஸ்ஹருக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் விடுதி அறையில் முசல்லாவை விரிக்கும்போது கை தானாக மேற்குப் பக்கம் போகும்; ஊரில் கிப்லா என்றால் மேற்கு. கெய்ரோவிலோ அது தென்கிழக்கு. மதரஸாவில் பல ஆண்டு ஓதிய இலக்கண அரபியை வைத்துக்கொண்டு கிதாபைப் படித்துவிடலாம், ரொட்டிக் கடைக்காரர் கேட்கும் விலை காதில் ஏறாது. எப்படிப் பார்த்தாலும் அவர் அந்த ஊருக்கு அந்நியர். ஆனாலும் மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகளும் அவரை முகீம் என்றே கொள்கின்றன. நான்கு ஆண்டு படிக்கும் எண்ணத்தோடு வந்தவருக்கு, ஊருக்குள் கால் வைத்ததுமே பயணம் முடிந்துவிட்டது. தீர்மானிப்பது நிய்யத்து என்னும் எண்ணமே; ஊர் பழகிவிட்டதா, மனம் ஒட்டியதா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

எத்தனை நாள் தங்க நினைத்தால் முகீம் என்பதில் மட்டும் கணக்கு மாறும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் கிளம்பும் நாளும் போக முழுதாக நான்கு நாள். மாலிகி, ஹன்பலி கணக்குகளும் இதை ஒட்டியவையே. நான்கு நாள் கணக்குக்கு ஷாஃபிஈ அறிஞர்கள் காட்டும் ஆதாரம் நுட்பமானது. மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் போன முஹாஜிர்கள் மறுபடி மக்காவில் குடியேறக் கூடாது என்றிருந்தது. அப்படியிருந்தும் ஹஜ் கடமைகளை முடித்தபின் மூன்று நாள் தங்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அப்படியானால் மூன்று நாள் தங்குவது குடியிருப்பு ஆகாது. நான்காவது நாள்தான் எல்லை.

எண்ணமே உறுதிப்படாதவர் நிலை வேறு. நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு இன்று வரும், நாளை வரும், இடம் கிடைக்காவிட்டால் அன்றே கிளம்பிவிடுவேன் என்று காத்திருக்கும் மாணவர் ஷாஃபிஈ வழக்கில் பதினெட்டு நாள் வரை சுருக்கலாம். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அங்கே தங்கிச் சுருக்கித் தொழுத நாள்களை வைத்து வந்த வரம்பு இது. அறிவிப்புகளில் பதினேழு, பத்தொன்பது என்றும் வருவதுண்டு. ஹனஃபி வழக்கில் வரம்பே இல்லை. அஜர்பைஜானில் பனி வழிமறித்ததால் ஆறு மாதம் சிக்கிக்கொண்ட இப்னு உமர் (ரலி) அத்தனை நாளும் சுருக்கியே தொழுதார் என்ற செய்தி அவர்களுக்குத் துணை. ஆக, ஊர் நன்கு பழகிப்போன ஒருவர் ஆறு மாதம் கழித்தும் முசாபிர். வழி கேட்கத் தெரியாமல் நிற்கும் புது மாணவர் முகீம்.

இந்த முரணை இப்னு தைமிய்யா (இறப்பு 1328) ஏற்கவில்லை. நாள் கணக்குக்கு நேரடி ஆதாரம் இல்லை, மக்கள் வழக்கில் யார் பயணியோ அவரே பயணி என்பது அவர் நிலை. அதே வழியில் சவூதி அறிஞர் இப்னு உஸைமீன், படிப்பு முடிந்ததும் திரும்பிவிடும் நோக்கத்தோடு வெளிநாட்டில் இருக்கும் மாணவர் எத்தனை ஆண்டு ஆனாலும் பயணிதான் என்றார். அவர் காலத்தவரான இப்னு பாஸ் இதை ஒப்பவில்லை. நான்கு நாளுக்கு மேல் தங்க முடிவு செய்தவர் முழுமையாகவே தொழ வேண்டும் என்றார். வாடகைக்கு அறை பிடித்து, பாத்திரம் பண்டம் வாங்கி, ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் நடமாடுகிறவரைப் பயணி என்பது வழக்குக்கே ஒத்துவருமா என்பது இப்னு உஸைமீன் கருத்தின் பலவீனமான இடம்.

மாணவரின் நிலையை உள்ளபடி பிடித்தது ஷாஃபிஈ மத்ஹபின் ஜுமுஆ சட்டம்தான் என்று தோன்றுகிறது. ஜுமுஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும், அவர்கள் அந்த ஊரையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வியாபாரத்துக்கோ கல்விக்கோ வந்து, ஒருநாள் சொந்த ஊர் திரும்பும் எண்ணத்தோடு தங்கியிருப்பவர் மீது ஜுமுஆ கடமை. ஆனால் அந்த நாற்பதில் அவரை எண்ணமாட்டார்கள். பயணியும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. பள்ளிக்கு வரும் பொறுப்பு உண்டு, தலைக்கணக்கில் இடம் இல்லை. இதை வகுத்த மத்ஹபின் இமாமும் வாழ்நாளில் பெரும்பகுதி ஊர் விட்டு ஊர் போனவரே: காஸாவில் 767இல் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஓதி, யமனுக்கும் பக்தாதுக்கும் போய், கடைசியில் எகிப்தில் தங்கி 820இல் காலமானார். கெய்ரோவில் அவர் அடக்கத்தலத்தின் மேல் நிற்கும் குவிமாடம் 1211இல் எழுந்தது.

நடைமுறையில் சிக்கல் சற்றுக் குறைவு. ஊர் இமாமின் பின்னால் நிற்கும் பயணி நான்காகவே தொழ வேண்டும் என்பதால், ஜமாஅத்துக்குப் போகிறவருக்குக் கேள்வியே எழாது. அறையில் தனியாகத் தொழும்போதுதான் எழும். விடுமுறையில் இரண்டு நாள் அலெக்சாந்திரியா போய் வந்தால் அந்த இரண்டு நாளும் அவர் மறுபடி முசாபிர். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்ப முடிவு செய்த கணத்தில் மட்டும் நிய்யத்து போதாது. தங்குவதற்கு எண்ணம் போதும், பயணியாவதற்குப் புறப்பட்டு ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அறையில் தொழும் கடைசி ளுஹரும் நான்கு ரக்அத்தே.